பின்பக்கமாகப் பறந்த நாரைகள்

வீட்டில் அவனுக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர். வைத்தவர் அத்தான். கடையைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். சலவை முடிந்த சட்டைகளை எண்ணிக் கட்டிவிட்டு, கட்டை அவிழ்த்து மறுபடி எண்ணுவான். "குளிச்சிட்டு வந்தவன் நனைஞ்சோமான்னு சந்தேகப்பட்டுத் திரும்ப உள்ள போகாம இருந்தா சரி" என்பார் அத்தான். "என் தம்பி எதையும் சுத்தமா செய்வான், உங்களுக்கென்ன?" என்று அக்கா ஒரு வெட்டு வெட்டுவாள். ஆனால் அவளும் கோபம் வந்தால் அந்தப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுவாள்.

அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் அத்தானின் சலவைக் கடை. பகலில் தம்பிக்கு அங்கே வேலை. வாரத்தில் மூன்று மாலை, நூலகத்தின் மாடியில் நடக்கும் மாதிரி செய்யும் வகுப்புக்குப் போவான். கப்பல், ரயில், விமானம் எல்லாவற்றையும் மேஜை மேல் வைக்கிற அளவில் செய்து வண்ணம் பூசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. போன மாதம் வகுப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. அரசு அருங்காட்சியகத்தில் மாதிரிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஓர் ஆள் தேவை. விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு விமானப் பெட்டி தருவார்கள். ஆறு வாரத்தில் முடித்து, வேலைக் குறிப்பேட்டோடு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டும்.

தம்பி விண்ணப்பத்தை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்தான். மூன்றாவதை அக்கா பிடுங்கிக்கொண்டுபோய்த் தபாலில் போட்டாள்.

"கிடைக்கலேன்னா?" என்று கேட்டான்.

"கிடைக்கலேன்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் திறக்கப்போற புதுக் கடையில நீ உக்காரு" என்றார் அத்தான். "காலையில ஏழுலேருந்து ராத்திரி ஒன்பது. அப்புறம் இந்த வகுப்பு, பிரஷ்ஷு, பசை எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் புதுக் கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பெயர்ப்பலகைகூட எழுதியாயிற்று. அங்கே உட்கார வேறு ஆளும் இல்லை. தம்பிக்கு அது தெரியும்.

பெட்டியில் வந்தது நான்கு விசிறி எஞ்சின் வைத்த பழைய பயணிகள் விமானம். முடித்தால் முழங்கை நீளம் வரும். மேலே வெள்ளை, வயிற்றில் வெள்ளி, இரண்டுக்கும் நடுவில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு நீலப் பட்டை. வாலில் கழுத்தை நீட்டிப் பறக்கிற ஒரு நீல நாரை.

ஐந்து வாரம் பூச்சு வேலையிலேயே போனது. அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளையை மெல்லியதாக மூன்று முறை அடித்தான். பட்டைக்கு இரு பக்கமும், வண்ணம் வெளியே பரவாமல் தடுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓரத்தை நகத்தால் அழுத்தினான். அதன் மேல் முதலில் வெள்ளையையே ஒரு பூச்சு பூசினான். டேப்புக்கு அடியில் ஏதாவது கசிந்தால் வெள்ளையாகக் கசியட்டும் என்று. பிறகுதான் நீலம். டேப்பை உரித்தபோது மூச்சுவிடக்கூட மறந்துபோனான். ஓரம் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றது. அன்றைய குறிப்பில் எழுதினான்: "நீலப் பட்டை முடிந்தது. பிசிறில்லை. இது எப்படி நடந்தது என்று தெரியவில்லை."

கடைசி வாரம் டீகால். தண்ணீரில் ஊறவைத்தால் தாளை விட்டு நழுவி வரும் மெல்லிய படங்கள் அவை. விமானத்தின் ஜன்னல்கள், நிறுவனத்தின் பெயர், பதிவு எழுத்துகள், நாரைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். அத்தான் அதை 'ஸ்டிக்கர்' என்பார். "ஸ்டிக்கர் இல்ல அத்தான், டீகால்." "சரி, அந்த ஸ்டிக்கர் எப்ப ஒட்டப்போற?" மொத்தம் அறுபத்திரண்டு படம். ஒரே ஒரு தாள். இது பழைய அச்சு, கெட்டால் மாற்றுத் தாள் கிடையாது என்று அருங்காட்சியகத்தில் இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள். அவன்தான் இரண்டு தடவை கேட்டான்.

சனிக்கிழமை காலையில் தொடங்கி மாலை ஐந்தரைக்கு அறுபத்திரண்டையும் ஒட்டி முடித்தான். ஜன்னல் வரிசைகளும் பெயரும் எழுத்துகளும் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். நாரை மட்டும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அதற்காகவே விமானத்தை நிறுத்தியிருந்த மரத்தாங்கியின் இரு பக்கமும் 'இடது', 'வலது' என்று சீட்டு ஒட்டியிருந்தான். வாலின் ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் என்று கவராயத்தால் அளந்து நாரைகளை உட்காரவைத்தான். இரண்டு தடவை சரிபார்த்தான்.

அட்டவணைப்படி ஆறு மணிக்கு மேல் வார்னிஷ் அடிக்க வேண்டும். அதை அடித்துவிட்டால் டீகால்கள் கண்ணாடிக்குள் மாட்டிய மாதிரி நிரந்தரமாகிவிடும். ஆனால் வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஈரக் காற்றில் வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தான். டப்பாவைக் குலுக்கினான், வைத்தான், மறுபடி எடுத்துக் குலுக்கினான்.

"அடிச்சுத் தொலையேன்டா" என்றாள் அக்கா. "ஆறு வாரமா வீடே பெயிண்ட் டப்பா மாதிரி நாறுது."

"காத்துல ஈரம் இருக்குக்கா. நாளைக்கு அடிக்கிறேன்."

"நாளைக்கு வெயில் அதிகம்னு சொல்லுவே."

டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தான். மற்றவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமையே முடித்திருப்பார்கள், நான் ஒருத்தன்தான் இப்படி என்று அவனுக்கே வெறுப்பாக இருந்தது.

ஞாயிறு காலை பதினொரு மணி. கடைக்கு விடுமுறை. அத்தான் கையில் தேநீரோடு வந்து ஜன்னலோரம் இருந்த விமானத்தைக் குனிந்து பார்த்தார். போன மாதம் செய்தித்தாளை அதன் மேல் வைத்து ஒரு விசிறியை உடைத்ததிலிருந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஒரு கையில் டம்ளர் இருந்ததால் மறு கையை மட்டும் பின்னால் கட்டியிருந்தார்.

"நல்லா இருக்கு மாப்ளே. ஆனா இந்தப் பறவைக்கு இவங்ககூடப் போக இஷ்டமில்லையா?"

"எந்தப் பறவை அத்தான்?"

"வால்ல இருக்கே. விமானம் இந்தப் பக்கம் போகுது, இது அந்தப் பக்கம் போகுது."

தம்பி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நாரையின் அலகு விமானத்தின் பின்புறத்தை நோக்கி நீண்டிருந்தது. ஓடிப்போய் மறுபக்கம் பார்த்தான். அங்கேயும் அப்படியே. இரண்டு நாரைகளும் பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன.

மூன்றாவது வாரம் வயிற்றுக்கு வெள்ளி பூச விமானத்தைக் கவிழ்த்தது நினைவுக்கு வந்தது. திருப்பி வைத்தபோது மூக்கு இருந்த இடத்தில் வால் வந்துவிட்டது. தாங்கி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் அது தெரியவில்லை. சீட்டுகள் மட்டும் பழைய இடத்திலேயே, இடது வலதாகி, வலது இடதாகி, ஒன்றும் அறியாத மாதிரி நின்றன. அவன் இரண்டு தடவை சரிபார்த்தான். இரண்டு தடவையும் சீட்டைத்தான் சரிபார்த்தான், பறவையைப் பார்க்கவில்லை.

"திரும்பிப் பாக்குதுன்னு சொல்லிக்கலாமே" என்றாள் சமையலறையிலிருந்து வந்த அக்கா. "ஊரை விட்டுப் போறோமேன்னு."

"அக்கா, கொஞ்சம் சும்மா இருக்கா."

வகுப்பில் பக்கத்து மேஜைக்காரியான பல்செட் அக்காவுக்குப் போன் செய்தான். பகலில் பல் மருத்துவருக்குப் பல்செட் செய்துகொடுப்பவள், பொழுதுபோக்குக்காக மட்டும் வகுப்புக்கு வருபவள். கதையைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மேல வார்னிஷ் அடிச்சிட்டியா?"

"இல்லக்கா. நேத்து ஈரமா இருந்துச்சு, பயந்துக்கிட்டு..."

"அடிக்கலையா? அட, உன் பயத்தைக் கையெடுத்துக் கும்பிடணும்டா! அடிச்சிருந்தா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. இப்ப எடுக்கலாம்."

"எப்படிக்கா?"

"டேப் போட்டு எடுக்காத. நான் ஒரு தடவை அப்படி எடுத்தேன், நாலு துண்டா வந்துச்சு. சூடான ஈரத்துணி வச்சு ஊற வைக்கணும். சூடு ஏறிட்டா படம் சுருங்கிடும், இறங்கிட்டா கிளம்பாது. நடுவுல நிறுத்தணும். எனக்கு அந்த அளவெல்லாம் பல்லுலதான் தெரியும்பா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அத்தான் வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"சூட்டுத் துணியா? மாப்ளே, இருபத்திரண்டு வருஷமா நான் கீழ என்ன பண்றேன்னு நினைச்ச?"

தம்பி அத்தானின் கைகளைப் பார்த்தான். நிமிடத்துக்கு ஒரு சட்டையைத் தேய்த்து எறிகிற, ஆவி பட்டுப் பட்டுத் தடித்த கைகள். விசிறியை உடைத்த கைகளும் அவைதான். கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. இந்த விமானம் கெட்டால் புதுக் கடைக்கு ஆள் கிடைத்துவிடும். அப்படி நினைத்ததற்கு அவனுக்கே கூசியது.

அத்தான் அவன் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார்.

"கெடுத்தா எனக்குத்தான லாபம்னு நினைக்குற."

"இல்ல அத்தான்..."

"நினைச்சுக்க. உன் இடத்துல நான் இருந்தா நானும் நினைப்பேன். போய் என் பழைய பனியன் ஒண்ணு எடுத்துட்டு வா. புதுசு வேணாம், நூல் விறைப்பா இருக்கும்."

கீழே கடையில், தேய்க்கிற மேஜையில் விமானத்தை வைத்தார்கள். பனியனைத் தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பார்த்தார் அத்தான். "குழந்தைக்குத் தண்ணி பாக்குற மாதிரி" என்றார். துண்டை வாலில் போர்த்தினார். கையை எடுத்தார். தொடவில்லை, அழுத்தவில்லை. ஆறத் தொடங்கியதும் அடுத்த துண்டு. தம்பி கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டான்: நான்கு நிமிடத்துக்கு ஒரு துண்டு.

மூன்றாவது துண்டிலேயே அவனுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளிப் பாக்கட்டுமா அத்தான்?"

"கை வைக்காத. நீ அவசரப்பட்டா கறையும் அடம்பிடிக்கும்."

"கிளம்பிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஓரம் மினுங்கும். அடியில தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம். பட்டுச் சேலையில ஒட்டுன கோந்தும் அப்படித்தான்."

ஊசி முனையாலோ பிளேடாலோ நெம்பினால் கிழியும். ரொம்ப மெல்லியதாக, ஆனால் கூர்மையில்லாததாக ஒன்று வேண்டும். அத்தான் யோசித்தார். சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே செருகுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் பட்டை. கடையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. எல்லாம் தடிமன். அவர் கண் கொக்கியில் தொங்கிய வெள்ளைச் சட்டைமேல் போனது.

"அது வக்கீலோட சட்டை அத்தான்."

"அவர் காலர்லதான் நயமானது இருக்கும். நாளைக்குச் சாயங்காலம்தான டெலிவரி? அதுக்குள்ள திருப்பி வச்சிடலாம்."

ஏழாவது துண்டை எடுத்தபோது நாரையின் கால் ஓரத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு ஓடியது. அத்தான் ஒதுங்கி நின்றார்.

"நீ பண்ணு. என் விரல் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

தம்பி பட்டையை நனைத்து ஓரத்தில் வைத்தான். நாரை அசைந்தது. பட்டையின் மேல் தானே ஏறிக்கொண்டது போல நழுவி வந்தது. கால், வயிறு, இறகு, கடைசியாக அலகு. தண்ணீர்த் தட்டில் விட்டான். முழுசாக மிதந்தது. அக்கா வாய் திறக்கப் போனாள். அத்தான் கண்ணாலேயே அடக்கினார்.

இரண்டாவது நாரை அவ்வளவு நல்லபடி வரவில்லை. எல்லாம் நழுவியபின் இறகு நுனி மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. தம்பி பட்டையை இன்னும் சற்று உள்ளே தள்ளினான். ஒரு துளி கிழிந்து வாலிலேயே தங்கிவிட்டது. பாதி அரிசி அளவு இருக்கும்.

"போச்சு" என்றான்.

"என்ன போச்சு? பறவை இருக்கு, பாதி நகம் போச்சு. அதை வரைய மாட்டியா?"

வாலில் தங்கிய துளியைத் துடைத்தெடுத்தான். படங்களின் பழைய பசை கரைந்துபோயிருந்ததால் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலக்கித் தடவி, நாரைகளைப் பக்கம் மாற்றி உட்காரவைத்தான். இந்தத் தடவை சீட்டைப் பார்க்கவே இல்லை. சீட்டுகளைக் கிழித்துப் போட்டிருந்தான். மூக்கைப் பார்த்தான், அலகைப் பார்த்தான். இரண்டும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன.

இறகு நுனிக்கு விமானப் பட்டையின் நீலம் ஒத்துவரவில்லை, நாரையின் நீலம் இன்னும் கறுப்பு. ஒரு துளி கறுப்பு சேர்த்து டப்பா மூடியில் பூசிப் பார்த்தான். இன்னொரு துளி. நான்கு மயிர் பிரஷ்ஷால் ஒரே தொடல். மதியத்துக்கு மேல் வெயில் நன்றாக அடித்தது. நான்கு மணிக்கு, காற்றில் ஈரம் என்று சொல்ல ஒன்றுமில்லாதபோது, வார்னிஷ் அடித்தான். ஒரு பூச்சு. ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று.

மாலையில் குறிப்பேட்டைத் திறந்தான். விமானத்தோடு அதையும் கொடுக்க வேண்டும்.

"இதையெல்லாம் அதுல எழுதாத" என்றாள் அக்கா. "கேட்டாத்தான சொல்லணும்?"

தம்பி பழைய பக்கங்களைப் புரட்டினான். ஆறு வாரத்தில் பூச்சு உலர்ந்த நேரம் முதல் விசிறி உடைந்த நேரம்வரை எல்லாம் அதில் இருந்தது. இதை மட்டும் விட்டால், மீதியையும் யார் நம்புவார்கள்? எழுதினான்: "ஞாயிறு 11.10. இரு நாரைகளும் தவறான பக்கம். காரணம்: நான் சீட்டைச் சரிபார்த்தேன், விமானத்தைப் பார்க்கவில்லை. கண்டுபிடித்தவர்: அத்தான்." அடுத்த இரண்டு பக்கத்தில் பனியன், மணிக்கட்டுச் சூடு, நான்கு நிமிடக் கணக்கு, காலர் பட்டை எல்லாம் வந்தன.

திங்கட்கிழமை காலை, சட்டை மடித்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டியில் மெல்லிய தாள் சுற்றி விமானத்தை வைத்து, டெலிவரி வேனில் அத்தானே ஓட்டிக்கொண்டு போனார். பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் வேன் கர்ப்பிணியை ஏற்றிய மாதிரி இறங்கி ஏறியது. அருங்காட்சியக வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்துகொண்டார்.

"வக்கீல் காலர் பட்டையை எங்க வச்ச?"

"பாக்கெட்ல அத்தான். திருப்பிக் குடுக்க."

"சரி, போ. போய்ட்டு வா."

உள்ளே, பழுதுபார்க்கும் பிரிவின் தலைவி நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். அதைக் கண்ணுக்கு இறக்கி, விமானத்தை மூக்கிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். நீலப் பட்டையின் ஓரத்தில் நகர்ந்தாள், ஜன்னல்களை எண்ணுவது போலப் பார்த்தாள், வாலுக்கு வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"இந்த இறகு நுனி கையால வரைஞ்சதா?"

"ஆமாங்க. குறிப்பேட்டுல இருக்குங்க. ஐம்பத்தி மூணாம் பக்கம்."

அவள் புரட்டினாள். படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் உதடு லேசாக வளைந்தது. அது அத்தானின் பனியனாக இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். படித்து முடித்துக் குறிப்பேட்டை மூடினாள்.

"கொஞ்சம் என்கூட வாங்க."

ஒரு நீண்ட அறையைத் தாண்டி ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கூட்டிப்போனாள். உள்ளே தண்ணீரில் இறங்கும் பழைய விமானம் ஒன்று, தம்பியுடையதைப்போல மூன்று மடங்கு நீளம். "என்ன தெரியுது?"

அவன் பார்த்தான். இந்த முறை விமானத்தைப் பார்த்தான். சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தான். வாலின் அந்தப் பக்கம் மட்டும் இருந்த குதிரை, விமானம் போகிற திசைக்கு எதிராகப் பாய்ந்துகொண்டிருந்தது.

"பதினோரு வருஷமா அது அப்படித்தான் ஓடுது" என்றாள். "படத்துக்கு மாற்று கிடையாது. கை வைக்க யாருக்கும் தைரியம் வரல. சுவர்ப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கோம், வர்றவங்களுக்குத் தெரியாம."

"மேல வார்னிஷ் இருக்குங்களா?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "இல்ல. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே பாத்துட்டோம். ஆமா, அந்தக் காலர் பட்டை இப்ப உங்ககிட்ட இருக்கா?"

எடுத்துக் கொடுத்தான். அவள் அதை விரலில் வளைத்துப் பார்த்தாள், ஓரத்தை நகத்தால் தடவினாள், மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "இது இங்கயே இருக்கட்டும். அடுத்த திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க. உங்களுக்கு முதல் வேலை இந்தக் குதிரைதான்."

"நிச்சயமாங்களா?"

"நிச்சயமா."

"தப்பா நினைக்காதீங்க, இன்னொரு தடவை சொல்றீங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் சொன்னாள்.

வராந்தாவில் அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, பெஞ்ச் சும்மா கிடந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவர் தோள் இறங்கியது.

"கிடைச்சிடுச்சு அத்தான்."

"ரெண்டு தடவ கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்ப சரி." மூக்கை உறிஞ்சினார். வேறு எங்கோ பார்த்தார். "புதுக் கடைக்கு ஆள் தேடணும். சந்தேகமே படாத ஒருத்தன் வந்து சேருவான், பாரு, சட்டையெல்லாம் ஊர் மாறிப் போகப்போகுது."

தம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆறு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன மாதிரி இருந்தது. வேன் கதவைத் திறக்கும்போது அத்தான் நின்றார்.

"வக்கீல் பட்டை?"

தம்பி சட்டைப் பையைத் தொட்டான். மறுபடி தொட்டான்.

"அது... அவங்க வச்சுக்கிட்டாங்க அத்தான்."

அத்தான் வேனின் கூரையில் நெற்றியை வைத்துச் சிரிக்கத் தொடங்கினார். "போ, ஒரு பக்கக் காலர் தொங்கிக்கிட்டேதான் அந்த மனுஷன் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகணும். அவரோட ரெண்டு பட்டையில ஒண்ணு அரசாங்க வேலையில சேர்ந்துடுச்சுன்னு நீயே சொல்லிக்கோ."